காரைக்குடி வீட்டில் கால் பங்கு அளவில் பைப்பர் கப் மாடல் விமானம்: மரம், பசை, பறக்கவிட இடம்

செம்பூரான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பைப்பர் ஜே-3 கப் விமானத்தை நாலில் ஒரு பங்கு அளவில், ரேடியோ கண்ட்ரோல் மாடலாக, முழுக்க மரத்தில் கட்டப் போகிறேன். அசல் இறக்கை 10.74 மீட்டர், அதனால் மாடலுக்கு 2.69 மீட்டர் வரும். உடல் நீளம் 1.7 மீட்டர். 1.4 மீட்டர் நுரை விமானங்கள் பறக்கவிட்டுப் பழக்கம் உண்டு, மரத்தில் இவ்வளவு பெரிசாகக் கட்டுவது புதுசு. வரைபடம் கைக்கு வந்துவிட்டது. இடம் காரைக்குடி பக்கம் பழைய வீட்டின் இரண்டாங்கட்டுக் கூடம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, நீளத்துக்குக் குறைவில்லை.

கேட்க வேண்டியவை இவை. வீட்டில் பழைய பர்மாத் தேக்குச் சட்டங்கள் நிறையக் கிடக்கின்றன, அரை அங்குலக் குச்சிகளாக அறுத்து, இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாருக்குப் போடலாமா? இல்லை, லேசான மரங்களான பால்சாவும் ஸ்ப்ரூஸும் வரவழைத்தே ஆக வேண்டுமா? கூடத்துத் தரையையே கட்டும் மேசையாக வைத்துக்கொள்ளலாமா? சித்திரை வெயிலையும் ஐப்பசி கார்த்திகை ஈரத்தையும் தாங்க எந்தப் பசை, எந்த உறை? பெட்ரோல் எஞ்சினா, மின் மோட்டாரா? கடைசியாக, நம் பக்கம் இதை எங்கே வைத்துப் பறக்கவிடலாம், சட்டப்படி என்ன வேண்டும்?


இழைப்புளி எழுதியது:

மரத்தையும் தரையையும் பத்தி நான் சொல்றேன். மத்ததை மாடல் கட்டுறவங்க சொல்லட்டும்.

தேக்கு ஸ்பாருக்கு வேண்டாங்க. எடையைவிடப் பெரிய தொந்தரவு அதுல இருக்கிற எண்ணெய். பழைய பர்மாத் தேக்குல இழைச்ச முகத்துக்கே திரும்ப எண்ணெய் கசிஞ்சு வரும். பசை மேலாகப் பிடிச்ச மாதிரி காட்டிட்டு, இழுவை வந்ததும் தோல் உரியிற மாதிரி பிரிஞ்சிடும். கதவு நிலைக்குக் கழுந்தும் துளையும் இருக்கு, பசை போனாலும் நிக்கும். விமான இறக்கையில பசையைத் தவிர வேற பிடிமானம் இல்லை. அந்தத் தேக்கை வேற வேலைக்கு வைங்க. நேர்ப்பட்டை, உப்புத்தாள் ஒட்டித் தேய்க்கிற நீளக்கட்டை, உடலைத் தாங்குற தொட்டில் இதெல்லாம் அதுல பண்ணினா மழைக்காலத்துலயும் கோணாது.

ஸ்ப்ரூஸ் கிடைச்சா நல்லது. கிடைக்கலைன்னா மரவாடியில பைன் பார்க்கலாம். வெளிநாட்டு மிஷின் வர்ற பெட்டிப் பலகையிலயும் நல்ல பைன் அமையும், ஆனா பத்துப் பலகையைப் புரட்டினா ஒண்ணு தேறும். கணு இல்லாம, வளையங்கள் நெருக்கமா, ரேகை நேரா ஓடணும். விமான மரத்துக்கு ரேகைச் சாய்வு 15க்கு 1 தாண்டக்கூடாதுன்னு கணக்கு. அதாவது 12 மி.மீ. குச்சியில ஒரு பக்கம் ஆரம்பிச்ச ரேகை எதிர்ப்பக்கம் வெளிய வர 18 செ.மீ. ஆவது ஆகணும். கண்ணுக்குத் தெரியலைன்னா இழைச்ச முகத்துல ஒரு சொட்டு பேனா மை விடுங்க, மை ரேகை வழியா நீளும், சாய்வு அப்பட்டமாத் தெரியும். இன்னொரு வழி, அதே பலகையோட ஓரத்துத் துண்டை உளி வச்சுப் பிளக்கிறது. ரம்பம் நேரா அறுத்திடும், மரம் பிளக்கும்போதுதான் தன் ஓட்டத்தைக் காட்டும்.

1.3 மீட்டர் முழுக்குச்சி அமையலைன்னா இணைக்கலாம். இணைப்புச் சரிவு 12க்கு 1, 12 மி.மீ. உயரத்துக்கு 144 மி.மீ. நீளச் சரிவு. மேல் ஸ்பார் இணைப்பும் கீழ் ஸ்பார் இணைப்பும் நேருக்கு நேர் வரக்கூடாது. இறக்கை உடலோட சேர்ற வேர்கிட்டயும், உடல்லேருந்து இறக்கைக்குப் போற தாங்குகம்பி மாட்டுற இடத்துலயும் இணைப்பே வேண்டாம்.

ஒட்டுப்பலகையில கவனம். ஹார்டுவேர் கடையில கிடைக்கிற சாதா கமர்ஷியல் பிளையில நடுவுல வெற்றிடம் இருக்கும், அறுத்தாத்தான் தெரியும். ரிப் (இறக்கைக்கு வடிவம் தர்ற குறுக்குத் துண்டு), ஃபார்மர் (உடலோட குறுக்குச் சட்டம்) எதுக்கும் அது ஆகாது. அதுக்கெல்லாம் 3 மி.மீ. பிர்ச் பிளையோ பாப்லர் லைட் பிளையோ வரவழைங்க. எஞ்சின் உட்கார்ற ஃபயர்வாலுக்கு மட்டும் உள்ளூர்ல ஐஎஸ் 710 முத்திரை போட்ட 6 மி.மீ. மரைன் பிளை போதும். கனம்தான், மூக்குல கனம் இருந்தா நல்லதுன்னு மாடல் கட்டுறவங்களே சொல்வாங்க.

தரை ஆகாது. ஆத்தங்குடிக் கல்லு வழுவழுப்பா இருக்கும், ஆனா கழுவி விடுறதுக்காகத் தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பாங்க, கல்லுக்குக் கல்லு சின்ன ஏத்த இறக்கமும் உண்டு. 7 அடிக்கு 3 அடி ஃப்ளஷ் டோர் ஒண்ணு வாங்குங்க, 35 மி.மீ. கனம். கடையிலயே நாலு மூலையிலும் ஒரே உயரத்துக் கட்டை வச்சு, குறுக்கும் நெடுக்குமா ரெண்டு நூல் கட்டிப் பாருங்க. நடுவுல ரெண்டு நூலும் தொட்டும் தொடாம நின்னா கதவு முறுக்கில்லை. ஒண்ணு இன்னொண்ணை அழுத்தினா, இல்லை இடைவெளி விட்டா, வேற கதவு கேளுங்க. வீட்டுல மேசை மேல வச்சு, ரசமட்டம் பார்த்து ஆப்பு கொடுத்து, அப்புறம் அசைக்காதீங்க. மேல அறிவிப்புப் பலகைக்குப் போடுற சாஃப்ட் போர்டை ஒட்டினா குண்டூசி இறங்கும். அதுக்கு மேல வரைபடம், வரைபடத்து மேல பாலித்தீன் தாள். தாள் இல்லாம ஒட்டினா ரிப்போட வரைபடமும் சேர்ந்து வரும்.


கண்மாய்க்கரை எழுதியது:

தேக்கு பற்றி இழைப்புளி சொன்னது சரி. எடைக் கணக்கையும் பாருங்கள். 6க்கு 12 மி.மீ. ஸ்பார், 1.3 மீட்டரில் நாலு குச்சி, மொத்தம் சுமார் 374 கன செ.மீ. தேக்கில் 240 கிராம், பைனில் 180, ஸ்ப்ரூஸில் 157. வித்தியாசம் அதிகம்போனால் 85 கிராம், அதுவும் ஈர்ப்பு மையத்துக்குப் பக்கத்தில். பசை பிடித்தால் அந்த 85 கிராம் ஒன்றும் செய்யாது. வாலில் கூடும் 85 கிராம்தான் விமானத்தைக் கெடுக்கும். கப்பின் மூக்கு குட்டை, வால் நீளம். ஈர்ப்பு மையத்திலிருந்து வால் 1.1 மீட்டர் தள்ளி இருக்கிறது, ஈயம் வைக்கக்கூடிய இடம் முன்னால் 35, 40 செ.மீ.தான். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று கிராம் ஈயம். வாலில் 100 கிராம் அசட்டையாகச் சேர்ந்தால் விமானம் 400 கிராம் கனக்கும்.

அதனால் முதலில் ஒரு எடைப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இறக்கை இரண்டும் 2.2 கிலோ, உடல் 1.6, வால் முழுதும் 0.3, சக்கரமும் காலும் 0.7, எஞ்சின் அதன் சைலன்சர் இக்னிஷனோடு 1.4, சர்வோ என்ற சிறு அசைப்பு மோட்டார்கள், ரிசீவர், பேட்டரி சேர்த்து 0.8, உறை 0.6, டேங்க் முதலிய சில்லறை 0.4. கூட்டினால் 8 கிலோ. அசலின் அதிகபட்ச எடை 553 கிலோ, கால் அளவுக்கு அதை 64ஆல் (4×4×4) வகுக்க வேண்டும், 8.6 கிலோ வருகிறது. அந்த வரம்புக்குள் நின்றால் பறப்பும் கப் மாதிரியே இருக்கும். இறக்கைப் பரப்பு ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 8.5 கிலோவில் வேகம் மணிக்கு 36 கி.மீ.க்குக் குறையும் வரை தாங்கும், 10.5 கிலோ ஆகிவிட்டால் 40 கி.மீ.யிலேயே விழத் தொடங்கும். இறங்கும்போது அந்த 4 கி.மீ. நன்றாகவே தெரியும்.

பால்சாவைக் கண்ணால் பார்த்து வாங்காதீர்கள், தராசில் வைத்துப் பிரியுங்கள். 3 மி.மீ. கனம், 100 மி.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளத் தகடு 300 கன செ.மீ. அது 33 கிராமுக்குக் கீழே இருந்தால் வாலுக்கு, 33 முதல் 48 வரை ரிப்புக்கு, 55க்கு மேல் போனால் குச்சியாக அறுத்து உடல் சட்டத்துக்கு. எடை மட்டும் போதாது, முகத்தையும் பாருங்கள். மீன் செதில் மாதிரி புள்ளிப்புள்ளியாக மினுமினுக்கும் தகடு குறுக்கே விறைப்பாக நிற்கும், ரிப்புக்கு அதுதான். கோடு கோடாக மட்டும் தெரிவது வளையும், முன்விளிம்பை மூடும் 2 மி.மீ. தகட்டுக்கு அது. மாற்றிப் போட்டால் ரிப் வளைந்து நிற்கும், முன்விளிம்புத் தகடு விரிசல் விடும்.

கப்பைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. இறக்கை அகலம் வேரிலிருந்து நுனி வரை ஒன்றே, 40 செ.மீ. நுனி வளைவை விட்டுவிட்டால் எல்லா ரிப்பும் ஒரே அச்சு. யுஎஸ்ஏ 35பி என்ற வடிவம், அடிப்பக்கம் ஏறத்தாழ தட்டை, அதனால் பலகை மேலேயே கட்டலாம். 9 செ.மீ. இடைவெளி என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 30 ரிப். ஒரு தகட்டில் நாலு வரும், 8 தகடு. 3 மி.மீ. பிளையில் இரண்டு அச்சு வெட்டி, நடுவில் எட்டு எட்டாகப் பால்சாத் துண்டுகளை அடுக்கி, 4 மி.மீ. திருகாணி இரண்டால் இறுக்கி, தேக்குக் கட்டையில் 120ஆம் நம்பர் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்தால் எட்டும் ஒன்றுபோல் வரும். ஸ்பார் பள்ளத்தையும் அடுக்கிலேயே அறுங்கள். பள்ளம் இறுக்கமாக இருக்கட்டும், ஆனால் தட்டித்தான் இறங்கும் என்ற அளவுக்கு வேண்டாம். அப்படி இறங்கினால் ரிப் ஒவ்வொன்றும் ஆப்பாகி, பதினைந்து ரிப்பும் சேர்ந்து ஸ்பாரை வில்லாக்கிவிடும்.

மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவில் 3 மி.மீ. பால்சாச் சுவர் அடைக்க வேண்டும். அதன் ரேகை செங்குத்தாக நிற்கட்டும். தகட்டை நீளவாக்கில் வெட்டி ஒட்டினால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் இறக்கை மேலே வளையும்போது இரண்டு ஸ்பாரும் ஒன்றையொன்று நெருங்கப் பார்க்கும், கிடை ரேகைப் பால்சா அந்த அழுத்தத்தில் நசுங்கும். வேரிலிருந்து பாதி தூரம் கட்டாயம், நுனி வரை போட்டாலும் கூடுவது சில கிராம்தான்.

முன்விளிம்பை மேலும் கீழும் 2 மி.மீ. தகட்டால் ஸ்பார் வரை மூடுகிறோமே, அந்தக் கூண்டுதான் இறக்கையை முறுகாமல் பிடிக்கிறது. மேலே இன்று, கீழே அடுத்த வாரம் என்று விட்டுவைக்காதீர்கள். பசையின் தண்ணீரில் ஒரு பக்கம் மட்டும் ஊறிக் காய்ந்தால் இறக்கை அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். மூடும் முன்பு எந்த நிலையில் பலகையோடு குத்தி வைத்தீர்களோ அந்த நிலைதான் இனி என்றைக்கும்.

உடலின் இரண்டு பக்கச் சட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டுங்கள், நடுவில் பாலித்தீன். 10 மி.மீ. சதுரக் குச்சி, விமானி அறை வரைக்கும் உள்ளே லைட் பிளை. அறைக்குப் பின்னால் பிளை ஒரு சதுர அங்குலம்கூட வேண்டாம். இணைக்கும்போது வரைபடத்து நடுக்கோட்டின் மேல் நூல் கட்டி, ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் நடுவிலும் பென்சில் குறி போட்டு, குறி நூலுக்கு நேர் கீழே வருகிறதா என்று பார்த்துப் பார்த்து ஒட்டுங்கள்.

வால் விளிம்புகளுக்குத் தடித்த பால்சாவைச் செதுக்குவதை விட, 2 மி.மீ. பட்டைகள் மூன்றை நனைத்து, அட்டை அச்சைச் சுற்றி வளைத்து ஒட்டுவது லேசாகவும் உறுதியாகவும் இருக்கும். நடுப்பட்டை மூங்கில் சிம்பாக இருந்தால் இன்னும் நல்லது.


செம்பூரான் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஃப்ளஷ் டோர், தராசு இரண்டும் முதல் செலவு. இன்னும் சில சந்தேகங்கள். இறக்கையின் தாங்குகம்பி உண்மையில் சுமை தாங்க வேண்டுமா, அழகுக்கு மாட்டினால் போதுமா? நுனியில் பின்விளிம்பைத் தூக்கிக் கட்டச் சொல்கிறது வரைபடம், எவ்வளவு தூக்கல், எப்படி? உறைக்குத் துணிக்கடைப் பாலியஸ்டர் லைனிங் எடுக்கலாம் என்கிறார்கள், கண்டாங்கி நெசவுப் பருத்திகூட யோசனையில் இருக்கிறது.


கண்மாய்க்கரை எழுதியது:

தாங்குகம்பி சுமை தாங்க வேண்டும். 6க்கு 12 ஸ்பார் அதை நம்பித்தான். 8.5 கிலோ விமானம் மூக்கைத் தூக்கும்போது நாலு மடங்கு சுமை வந்தால் ஒரு பக்க இறக்கைக்கு 17 கிலோ. கம்பி இறக்கையின் நடுவில், வேரிலிருந்து 65 செ.மீ. தள்ளி மாட்டுகிறது, உடலில் 30 செ.மீ. கீழே முடிகிறது. சாய்வு 25 பாகை வரும். அந்தச் சாய்வில் கம்பியில் விழும் இழுவை 17 அல்ல, 40 கிலோ. சாய்வு குறையக் குறைய இழுவை ஏறும், உங்கள் வரைபட அளவுகளை வைத்து ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஆகவே மாட்டும் தகடு 2 மி.மீ. அலுமினியம், எம்4 போல்ட், நைலான் பிடிப்புள்ள நட்டு. இறக்கைப் பக்கம் அந்தத் தகடு பால்சாவில் திருகக்கூடாது, இரண்டு ஸ்பாருக்கும் நடுவில் பிர்ச் பிளைக் கட்டை வைத்து அதில் துளைத்துப் போல்ட் போட வேண்டும். உடலில் இடது கம்பித் தகடும் வலது கம்பித் தகடும் ஒரே பிளைத் தட்டில் முடியட்டும், அப்போது இரண்டு இழுவையும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும், உடல் சட்டத்தில் ஏறாது.

உறை போடும் முன்பு சோதித்துவிடுங்கள். விமானத்தை மல்லாத்தி, உடலைத் தொட்டிலில் வைத்து, இறக்கையின் அடிப்பக்கத்தில் அரைக் கிலோ மணல் பைகளை வேரிலிருந்து நுனி வரை பரப்பி, பக்கத்துக்கு 12 கிலோ வரை ஏற்றுங்கள். ஒவ்வொரு இரண்டு கிலோவுக்கும் நுனி எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். ஒரே அளவாக இறங்கிக்கொண்டு வந்தது திடீரென்று கூடினாலோ, இறக்கிய பிறகு பழைய இடத்துக்கு வராவிட்டாலோ, எங்கோ ஒட்டு விட்டிருக்கிறது.

நுனித் தூக்கல் இரண்டு பாகை. 40 செ.மீ. அகலத்துக்கு 14 மி.மீ. தாங்குகம்பி இடத்தில் சுழியம், நுனி ரிப்பில் 14 மி.மீ. வருமாறு நீளமாக ஒரு ஆப்பு சீவி, பின்விளிம்புக்கு அடியில் வையுங்கள். அந்த நிலையில் குத்தி, முன்விளிம்புத் தகட்டை மூடினால் முறுக்கு உள்ளேயே பூட்டிக்கொள்ளும். வேகம் குறைந்தால் நுனிக்கு முன் வேர்ப்பகுதி தாங்கலை இழக்கும், மூக்கு சும்மா தாழும். அந்தத் தூக்கல் இல்லாவிட்டால் ஒரு நுனி முந்திக்கொள்ளும், இறங்கப் போகிற உயரத்தில் விமானம் பக்கவாட்டில் சுருண்டுவிடும். வலது இடது இரண்டுக்கும் அதே ஆப்பைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் அரைப் பாகை வித்தியாசம் என்பது 3.5 மி.மீ., அதுவே ஏலரானை (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) எப்போதும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு பறக்க வைக்கும்.

மாட்டிய பிறகு வால் நடுவிலிருந்து இரண்டு இறக்கை நுனிக்கும் நீளாத நூலால் அளவெடுங்கள், 3 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். படுக்கை வாலின் கோணம் சுழியம், இறக்கை அதைவிட 2 பாகை மேல் நோக்கி, எஞ்சின் 2 பாகை கீழேயும் 2 பாகை வலப்பக்கமும். ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து 28 சதவீதத்தில், அதாவது 112 மி.மீ.யில் தொடங்குங்கள். காலி டேங்கோடு பார்க்க வேண்டும்.


நேர்காற்று எழுதியது:

மிச்சம் இருப்பதை நான் சொல்கிறேன்: பசை, உறை, எஞ்சின், இடம், சட்டம்.

மரத்துக்கு மரம் ஒட்ட ஃபெவிகால் மரைன் போதும், ஒரு இரவு குத்திவைக்க வேண்டும். சாதா வெள்ளைப் பசை உறை இஸ்திரி போடும் சூட்டிலேயே இளகும், தொடர் சுமையில் மெல்ல நகரவும் செய்யும். ஸ்பாருக்கு அது வேண்டாம். ஃபயர்வால், சக்கரக்கால் தட்டு, கம்பித் தகட்டுக் கட்டை இவற்றுக்கு மட்டும் மெதுவாக இறுகும் அரால்டைட் என்ற எபாக்ஸிப் பசை. சம அளவு எடுத்து, சின்னச் சின்னக் கலவையாகக் கலக்குங்கள். சித்திரை வெயிலில் கிண்ணத்தில் குவியலாக வைத்தால் தன் சூட்டிலேயே முன்னதாக இறுகிவிடும், அகலமாகப் பரப்பினால் நேரம் கிடைக்கும். சூப்பர் குளூ ரிப்பைத் தொட்டுப் பிடிக்க நல்லது, அதிர்வு வரும் இடத்தில் கண்ணாடியாக உடையும், பெட்ரோல் எஞ்சினுக்குப் பக்கத்தில் அதை நம்பாதீர்கள். எந்தப் பசையாக இருந்தாலும், கட்டிய இறக்கையைப் பூட்டிய காருக்குள் நண்பகலில் விடக்கூடாது. உள்ளே 60 பாகை தாண்டும், எபாக்ஸியே இளகத் தொடங்கும் சூடு அது.

மழைக்காலத்துக்கு ஒரு வழி: மரத்தை வாங்கியதும் ஒரு வாரமாவது கட்டப்போகிற அறையிலேயே கிடத்துங்கள். முற்றத்துப் பக்கம் வேண்டாம், கார்த்திகை மழையில் சாரல் ஈரம் கூடம் வரை வரும். உள்ளறை நல்லது. உறை போடுவதைத் தை, மாசிக்குத் தள்ளிவைத்தால் மரம் காய்ந்த நிலையில் மூடப்படும். ஈரத்தில் மூடிய இறக்கை பங்குனியில் சுருங்கும், உறை தொளதொளக்கும், திரும்ப இஸ்திரி போடும்போது முறுக்கு ஏறும்.

பாலியஸ்டர் லைனிங் துணி சரியான தேர்வு, சூட்டில் சுருங்கும் குணம் அதற்கு உண்டு. வாங்கும்போது ஓரத்தில் ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர், சாம்பலானால் பருத்தி கலந்தது. சட்டத்தில் நீர்த்த மரைன் ஃபெவிகாலைத் தடவிக் காயவிட்டு, துணியை மேலே வைத்து இஸ்திரியால் ஒட்டுங்கள். விளிம்பு முழுதும் ஒட்டிய பிறகே நடுவைச் சுருக்க வேண்டும். மேல்பக்கம் கொஞ்சம், கீழ்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போகணும், ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த 14 மி.மீ. 8 ஆகவோ 20 ஆகவோ மாறிவிடும். பிறகு தண்ணீரில் கரையும் பாலியுரேத்தேன் இரண்டு பூச்சு. பெயின்ட்தான் எடையை ஏற்றும், கப்புக்கே உரிய மஞ்சளை ஒரு மெல்லிய தெளிப்போடு நிறுத்துங்கள், வால் பக்கம் இன்னும் மெல்லிசாக.

பருத்திக்கு வரலாற்றில் இடம் உண்டு, அசல் கப்பே டோப் (துணியை விறைக்க வைக்கும் பூச்சு) பூசிய பருத்தியில் வந்ததுதான். ஆனால் சூட்டில் அது சுருங்காது, டோப் பல பூச்சு குடித்த பிறகுதான் விறைக்கும், அந்த எடை இந்த அளவு மாடலுக்குக் கட்டுப்படியாகாது. கண்டாங்கியின் நூல் கனத்துக்கு வாய்ப்பே இல்லை.

எஞ்சினுக்கு 30 முதல் 35 சிசி இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் சரியாக இருக்கும், 35 சிசி என்றால் 19 அங்குல விட்டமும் 8 அங்குலப் பிட்ச்சும் உள்ள புரொப்பெல்லர். மின்சாரம் என்றால் 1,600 வாட் கணக்கு வையுங்கள். 6 செல் லித்தியத்தில் 70 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 100 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) வேண்டும். 5,000 எம்ஏஎச் பேட்டரி இரண்டை இணையாகப் போட்டால் ஒன்றரைக் கிலோ மூக்கில் உட்காரும், ஈயம் மிச்சம். இரண்டுமே சரிதான். அதிர்வு இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை என்பதால் மரச் சட்டத்துக்கு மின்சாரம் கருணையானது. வெயிலில் பேட்டரியை ஆறவிடாமல் திரும்ப ஏற்றக்கூடாது என்பது அதற்குக் கொடுக்கும் விலை. பெட்ரோல் என்றால் டேங்க் அடைப்பானும் குழாயும் பெட்ரோலுக்கு என்றே செய்தவையாக இருக்க வேண்டும், நைட்ரோ எரிபொருளுக்கான சிலிக்கான் குழாய் ஊதிக் கழன்றுவிடும். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது, தண்ணீரை இழுக்கும், கார்பரேட்டர் சவ்வைக் கெடுக்கும். அன்றன்று கலந்து, அன்றன்று வடித்து, கடைசிச் சொட்டை எஞ்சினை ஓடவிட்டே எரித்துவிடுங்கள். எண்ணெய் விகிதம் எஞ்சினோடு வரும் தாளில் உள்ளபடி, பெரும்பாலும் 30க்கு 1. ஃபயர்வாலின் முன்முகத்துக்கும் வெட்டு விளிம்புக்கும் எபாக்ஸி பூசாமல் எஞ்சினை மாட்டாதீர்கள்.

சர்வோ ஒவ்வொன்றும் 10 முதல் 15 கிலோ-செ.மீ. திருப்புவிசை, உலோகப் பல். ஆட்டம் இருக்கவே கூடாது. தளர்ந்த இணைப்புதான் வேகத்தில் ஏலரானைப் படபடக்க வைக்கும், படபடப்பு வந்தால் சில நொடியில் கீல் கழன்றுவிடும். ஏலரான் மேலே 25 பாகை, கீழே 12. சமமாக வைத்தால் கீழிறங்கிய பக்கத்தின் இழுவையில் மூக்கு எதிர்த்திசையில் போகும். கப்பைத் திருப்ப ரடரும் (வாலின் செங்குத்துச் சுக்கான்) கூடவே வேண்டும், நுரை விமானப் பழக்கம் இங்கே உதவாது.

இடத்துக்கு வருவோம். செட்டிநாட்டில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுபாதை இருக்கிறது, எல்லாருக்கும் முதலில் அதுதான் நினைவுக்கு வரும். அது அரசுக் கால்நடைப் பண்ணை நிலம், எழுத்தில் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். வைகாசி, ஆனியில் வற்றிய கண்மாய் அகலமாக இருக்கும், ஆனால் கரம்பை வெடித்த இடத்தில் சக்கரம் மாட்டி மூக்கு குத்தும். செம்மண் பொட்டல் மேல். அசல் அளவுப்படி சக்கரம் 11 செ.மீ. வரும், நம் தரைக்கு 13 போடுங்கள், காற்றடைத்தது வேண்டாம், சீமைக்கருவேல முள் விடாது, நுரை நிரப்பிய டயர் வாங்குங்கள். ஓடவிட 60 மீட்டர் நீளத்துக்கு முள்ளும் கல்லும் பொறுக்கினால் போதும். ஆடியில் காலை எட்டரைக்கு மேல் காற்று ஏறிவிடும், முதல் பறப்பை அந்த மாதத்தில் வைக்க வேண்டாம். கார்த்திகை முதல் மாசி வரை வேட்டங்குடி சரணாலயப் பக்கம் போகவே கூடாது. பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை, அங்கே 35 சிசி எஞ்சினை முடுக்குவது அநியாயம்.

சட்டம் 2021 டிரோன் விதிகள். பொழுதுபோக்கு மாடலும் அதற்குள்தான் வரும். 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை சிறிய வகை, உங்கள் விமானம் அதில். மாடல் விமானத்துக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. தனி அடையாள எண் பதிவு வேண்டும், ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும், மூன்றாம் தரப்புக் காப்பீடும் வேண்டும். வான்வெளி வரைபடத்தில் பச்சையாகக் காட்டும் மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். மதுரை, திருச்சி விமான நிலையங்கள் நமக்கு நல்ல தூரம், இருந்தாலும் பறக்கவிடும் அன்று காலை வான்வெளி வரைபடத்தைத் திறந்து நிறத்தைப் பாருங்கள், தற்காலிகச் சிவப்பு (பறக்கத் தடை) வரலாம். விமானம் எப்போதும் கண்பார்வைக்குள் இருக்க வேண்டும்.

பறக்கும் முன் ரேடியோ. இக்னிஷன் பெட்டியும் ரிசீவரும் குறைந்தது 30 செ.மீ. தள்ளி, தனித்தனி பேட்டரியில் இருக்கட்டும். டிரான்ஸ்மிட்டரைச் சோதனைக்கான குறைந்த சக்தியில் வைத்து, வாலைக் கட்டிப்போட்டு, ஒருவர் பின்னால் நின்று பிடித்துக்கொள்ள, 30 அடி எடுத்து வைத்து நடங்கள். முதலில் எஞ்சின் நின்ற நிலையில், அப்புறம் முழு வேகத்தில். எஞ்சின் ஓடும்போது மட்டும் சர்வோ நடுங்கினால் இக்னிஷன் இரைச்சல் உள்ளே வருகிறது, அன்றைக்குப் பறக்காதீர்கள். கடைசியாக, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். எஞ்சின் தானே நிற்கவோ, குறைந்த வேகத்துக்கு இறங்கவோ வேண்டும். இருந்த வேகத்திலேயே ஓடினால் ஃபெயில்சேஃப் பதியவில்லை, ரிசீவரில் திரும்பப் பதிந்து மறுபடி சோதியுங்கள்.